பழைய ட்வின் டப்பைச் சரி செய்வதா, புதியது வாங்குவதா? நெல்லை வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் மாடிப்படிக்குக் கீழேயோ, பின்கட்டிலோ, மொட்டைமாடித் தகரத்துக்கு அடியிலோ துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் ஒரு பழைய ட்வின் டப் வாஷிங் மெஷின் கிடப்பது சாதாரணம். தொண்ணூறுகளில் கல்யாணச் சீரோடு வந்திருக்கும், அல்லது வளைகுடாவில் இருந்தவர் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்திருப்பார். வீடியோகான், பிபிஎல், வேர்ல்பூல் என்று ஏதோ ஒரு பெயர் பாதி அழிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் ‘உம்’மென்று சத்தம் மட்டும் போட்டு நின்றிருக்கும், அதன் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதை என்ன செய்வது என்று பேச்சு வரும்போது நான்கு வழிகள் இருக்கின்றன. நாமே பிரித்துச் சரி செய்யலாம், மெக்கானிக்கிடம் கொடுக்கலாம், இதே மாதிரி இரண்டு தொட்டியோடு புதிய செமி ஆட்டோமேட்டிக் வாங்கலாம், இல்லையென்றால் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்குக்கே போய்விடலாம். “அது உழைச்ச வரைக்கும் போதும், தூக்கிப் போடுங்க” என்று பெரும்பாலும் வயதை வைத்தே முடிவு எடுக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் வயதுக்கு இதில் அதிக வேலை இல்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது, வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் தொட்டியைப் பாருங்கள். இந்த மாதிரி மெஷின்களில் துவைக்கிற தொட்டியும், பிழிகிற டிரம்முக்கு வெளியே இருக்கும் கூடும் பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாகத்தான் இருக்கும். மற்ற எல்லாப் பாகங்களையும் கடையில் வாங்கிவிடலாம், முப்பது வருஷத்து மெஷினுக்கு இந்தத் தொட்டி மட்டும் கிடைக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பி, மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் குறைந்திருந்தால் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். டிரெயின் பைப் வழியாகச் சொட்டியிருந்தால் வால்வு ரப்பர்தான் போயிருக்கிறது, சின்னச் செலவு. தொட்டியின் நடுவில், புள்ளி (துணியைச் சுழற்றும் தட்டு, பல்சேட்டர்) சுற்றும் தண்டுக்கு நேர் கீழே ஈரமாக இருந்தால் ஆயில் சீல், அதாவது தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதுவும் சின்னச் செலவுதான். தொட்டியின் மூலையிலோ ஓரத்திலோ மயிரிழை போல விரிசல் தெரிந்து அங்கிருந்து கசிந்தால் அந்த மெஷினை விட்டுவிட வேண்டியதுதான். எம்-சீல் வைத்து ஒட்டலாமே என்று தோன்றும். ஓடும்போது வரும் அதிர்வில் அந்த ஒட்டு நிற்காது, விட்டுப்போனால் தண்ணீர் நேராக மோட்டார் மேல்தான் விழும்.

தொட்டிக்கு அடுத்தது அடித்தகரம். மெஷினைச் சாய்த்து, மோட்டார் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பட்டை வைக்க வேண்டும். அதுவும் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியும் அடித்தகரமும் நன்றாக இருந்தால், நானாக இருந்தால் சரி செய்கிற வழியைத்தான் எடுப்பேன். காரணம், இந்த மெஷினுக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், மோட்டாரைச் சுற்றவைக்க ஆளுக்கொரு கெப்பாசிட்டர், சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கில் ஓடும் இரண்டு டைமர், ஒரு பெல்ட், சில ரப்பர். சர்க்யூட் போர்டு என்று எதுவும் கிடையாது. கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொதுவான பாகங்கள் பொருந்தும். வீடியோகான் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போன பிறகும் அதன் பழைய ட்வின் டப்கள் ஓடிக்கொண்டிருக்கக் காரணம் இதுதான்.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயர்களையும் ஒரு நிமிஷம் தொட்டு வையுங்கள், அப்புறம் கை வையுங்கள். பழைய மெஷின்கள் பலவற்றுக்குத் தகர உடம்பு, அதோடு நாம் ஈரக் காலோடு நிற்கிறோம். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தகர உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் மெஷினுக்கு முன்னால் அதைப் போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

‘உம்’மென்று மட்டும் சத்தம் வந்து சுற்றவில்லை என்றால் பத்தில் பாதிக்கு மேல் கெப்பாசிட்டர்தான் என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். காலித் தொட்டியில், காய்ந்த மரக்குச்சியால் புள்ளியை லேசாகத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கமே சுற்ற ஆரம்பிக்கும், கெப்பாசிட்டர் போனதற்கு அதுதான் அடையாளம். கையால் தள்ள வேண்டாம். பழையதன் மேல் எழுதியிருக்கும் அளவையே கேட்டு வாங்குங்கள். துவைக்கிற மோட்டாருக்குப் பெரும்பாலும் 10 அல்லது 12 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) இருக்கும், பிழிகிறதுக்கு அதைவிடச் சின்னது. 440 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். நூறு, இருநூறு ரூபாய் வேலை.

புதுக் கெப்பாசிட்டர் போட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரை அளக்க வேண்டும். துவைக்கிற மோட்டார் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றுவதால் அதற்குள் இருக்கும் இரண்டு காயில்களும் (கம்பிச் சுருள்கள்) ஒரே அளவு. அதிலிருந்து வரும் மூன்று வயரில் பொது வயருக்கும் மற்ற இரண்டுக்கும் தனித்தனியாக மீட்டர் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே ஓம் காட்ட வேண்டும், பொது வயரை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அளந்தால் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு பக்கம் குறைந்தாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ காயில் போயிருக்கிறது. பிழிகிற மோட்டார் ஒரே பக்கம் சுற்றுவது. அதில் இரண்டு காயிலும் வேறுவேறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.

காயில் போனால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வசதி அதிகம். வாழைக்கும் நெல்லுக்கும் பம்ப்செட் ஓடுகிற ஊர்கள் என்பதால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, வள்ளியூர் என்று எங்கே போனாலும் காயில் கட்டுகிறவர் இருப்பார். எங்கள் மெஷினின் மோட்டாரைக் கட்டிக் கொடுத்த அண்ணாச்சி, கையில் கொடுக்கும்போது சொன்னார்: “காப்பர்லதான் கட்டிருக்கேன், ஓடும். ஆனா சீல மாத்தாம மட்டும் மாட்டிராதீய, திரும்ப எங்கிட்டதான் தூக்கிட்டு வருவீய.” காயில் எரிந்தது விளைவு, சீல் வழியாகச் சொட்டிய தண்ணீர்தான் காரணம். சீலை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் கட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். புது மோட்டார் வாங்குவதாக இருந்தால் காப்பரா அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் அலுமினியக் காயில் இருக்கும், வோல்டேஜ் இறங்கும் கிராமத்து லைனில் அது சீக்கிரம் சூடாகும்.

சீல் மாற்றப் புள்ளியைக் கழற்ற வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்த பிறகும் புள்ளி வராது, வருஷக்கணக்கில் சோப்புக் கசடும் உப்பும் சேர்ந்து தண்டோடு பிடித்திருக்கும். நெம்பினால் ஓரம் உடையும். வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி ஊறவிட்டு, புள்ளிக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியான நைலான் கயிற்றைக் கோத்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். அடியில் ஒரு குடும்பத்தின் வரலாறே கிடக்கும்: ஹேர்பின், சட்டைப் பட்டன், ஐம்பது காசு, ஊக்கு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புள்ளியின் உள்பக்கம் தண்டு மாட்டும் பல்லைப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் தண்டு சுற்றும், புள்ளி சுற்றாது. துணி போட்டால் நின்றுவிடுகிறது என்று பலர் மோட்டாரைக் குறை சொல்வது இந்தத் தேய்ந்த பல்லாலும் தளர்ந்த பெல்ட்டாலும்தான். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் தள்ளி முறுக்குங்கள்.

பிழிகிற பக்கம் சுற்றவில்லை என்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். மூடியோடு ஒரு கம்பி இணைந்திருக்கும், மூடியை மூடினால் பிரேக் விட வேண்டும். கம்பி நீண்டுபோனால் பிரேக் விடாது, மோட்டார் உறுமும். அடுத்தது, டிரம்முக்கும் கூட்டுக்கும் நடுவில் சிக்கிய கைக்குட்டை, குழந்தை சாக்ஸ். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் கெப்பாசிட்டர். டைமரை மாற்றுவதானால் பழையதைக் கழற்றுமுன் வயர்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா மெஷினிலும் வயர் நிறம் ஒன்றுபோல் இருக்காது.

இவ்வளவும் சேர்ந்து, அதாவது இரண்டு கெப்பாசிட்டர், பெல்ட், சீல், ஒரு டைமர் எல்லாமாக, ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மோட்டார் காயில் கட்டினாலோ புதிது போட்டாலோ இன்னும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. மெக்கானிக் செய்தால் கூலி தனி. மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தப்பில்லை, மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் அவரிடம் கொடுப்பதுதான் நல்லது. ஆனால் மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரை மாற்றினார் என்றால் சீலையும் மாற்றினாரா என்று கேளுங்கள்.

இனி புதிய செமி ஆட்டோமேட்டிக். ஒன்பதாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் வரை. உடம்பு முழுக்க பிளாஸ்டிக் என்பதால் துருப் பிடிக்காது, ஷாக் பயமும் குறைவு. உப்புக்காற்று அடிக்கும் உவரி, கூடங்குளம் பக்கத்துக்கு இது பெரிய ஆதாயம். வேலை செய்யும் விதத்தில் பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது, இதே மோட்டார், இதே டைமர்தான். தொட்டி விரிசல் விட்டவர்களுக்கும், அடித்தகரம் முழுக்கப் போனவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கைப் பற்றிப் பேசும்போதுதான் தண்ணீர் முக்கியமாகிறது. இந்த மெஷின்கள் தாமாகவே தண்ணீர் பிடிக்கின்றன, அதற்கு அழுத்தம் வேண்டும். பல மாடல்களின் கையேட்டில் 0.3 முதல் 0.5 பார் வரை குறைந்தபட்சம் கேட்டிருக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். மொட்டைமாடியில் வைத்த டேங்க், அதே மாடியில் வைத்த மெஷின் என்றால் அழுத்தம் எங்கிருந்து வரும்? ‘தண்ணீர் வரவில்லை’ என்று பாதியிலேயே நின்றுவிடும். பிரஷர் பம்ப் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரின் தரமும் அப்படித்தான். பாளையங்கோட்டை, டவுன், அம்பை, கல்லிடைக்குறிச்சி பக்கம் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே அளந்து பிடிக்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே துவைக்க போர் உப்புத் தண்ணீர்தான். சூடாக்கும் ஃப்ரண்ட் லோடு மெஷினில் அந்த உப்பு ஹீட்டரில் பொருக்காகப் படிகிறது. டிரம்மைத் தாங்கும் அலுமினிய வார்ப்புக் கை அரிக்கிறது. பேரிங் போனால், பல புதிய மாடல்களில் தொட்டியின் இரண்டு பாதியையும் ஒட்டியே தயாரிப்பதால் தொட்டியோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். இருபத்தையாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கியதற்கு அது பெரிய இடி. போர்டுக்குள் எறும்போ பல்லியோ புகுந்து ஷார்ட் ஆனாலும் ஆயிரக்கணக்கில் செலவு.

செமி ஆட்டோமேட்டிக்குக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டு ஊற்றினாலும் போதும். வெள்ளைத் துணி துவைத்த அதே சோப்புத் தண்ணீரில் கலர்த் துணி, கடைசியில் மிதியடி என்று மூன்று முறை போடலாம். எனக்குத் தெரிந்து தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஃப்ரண்ட் லோடு ஒரு முறைக்குக் குறைவான தண்ணீர்தான் எடுக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எடுத்த தண்ணீரை மறுபடி பயன்படுத்த விடாது.

பிழிவதிலும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ட்வின் டப்பின் பிழிகிற டிரம் மோட்டார் தண்டோடு நேராக இணைந்தது, நிமிடத்துக்கு 1,350 சுற்று அளவில் ஓடும். டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் எழுநூறு சொச்சம்தான். அதாவது நம் பழைய மெஷின் புதிய டாப் லோடைவிட நன்றாகப் பிழிகிறது. ஆனி ஆடிக் காற்றில் எதில் பிழிந்தாலும் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அப்போது இது பெரிதாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளிக்கூட யூனிஃபார்மை உள் அறைக் கொடியில் போடும்போது தெரியும்.

மின்செலவை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. துவைக்க 350 வாட் அளவில் அரை மணி, பிழிய அதில் பாதிக்கும் குறைவாகப் பத்து நிமிஷம். ஒரு நாள் துவைப்புக்கு ஏறத்தாழ 0.2 யூனிட். வெந்நீர் வைத்துத் துவைக்கும் ஃப்ரண்ட் லோடு மட்டும்தான் பில்லில் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கை நான் ஒதுக்கவில்லை. ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து அள்ளி இன்னொன்றில் போடுவது முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பெரிய பாடு. தனியாக இருக்கிற ஆச்சிக்கோ, காலையில் வேலைக்கு ஓடுகிற மதினிக்கோ பழையதைச் சரி செய்து கொடுத்து “இதுலயே துவைங்க” என்பது நியாயம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வந்து, கீழ்த்தளத்தில் மெஷின் வைக்க இடமும் இருந்தால் அவர்களுக்கு டாப் லோடு வாங்கிக் கொடுங்கள். துவைக்கிறவர் யாரோ அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த மெஷின்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இங்கே தாமிரபரணி கரை உடைத்துச் சந்திப்பு, வண்ணார்பேட்டை வீடுகளுக்குள் வந்தது. சேறு வடிந்ததும் மெஷினை ஓட்டிப் பார்க்கிற அவசரம் எல்லோருக்கும் வரும். ஓட்டவே கூடாது. நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, கெப்பாசிட்டரையும் டைமரையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வையுங்கள். மோட்டாரைப் பல நாள் வெயிலில் காயவைத்து, வைண்டிங் கடையில் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காய வேண்டும். பேரிங்கில் சேறு போயிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். இப்படி ட்வின் டப்பை மீட்டுவிட முடியும். போர்டு நனைந்த ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கைப் பெரும்பாலும் மீட்க முடியாது. ஆற்றங்கரைத் தெருவில் இருப்பவர்கள் எது வாங்கினாலும் உயரமான மேடை கட்டி வைப்பது நல்லது.

சரி செய்த மெஷினை வெயில் படாமல் வையுங்கள், நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கிப்போகும். நாலு காலும் மட்டமாக உட்கார வேண்டும், இல்லையென்றால் பிழியும்போது நடக்க ஆரம்பிக்கும். அடியில் திறந்திருக்கும் இடத்துக்குக் கம்பி வலை அடித்து எலியைத் தடுங்கள். எலி வயரைக் கடிப்பதோடு நிற்காது, பெல்ட்டையும் கடிக்கும். உப்புத் தண்ணீர் வீடுகளில் மாதம் ஒரு முறை வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கலந்து துணி போடாமல் ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். ரப்பர்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது, வேண்டாம், சில ரப்பர் எண்ணெயில் ஊறிப் பெருத்துவிடும். துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து போடுங்கள்.

தொட்டி போய்விட்டது, பழையதைக் கொடுத்துவிடுவது என்றே முடிவானால், அப்படியே பழைய இரும்புக் கடைக்குத் தூக்கி அனுப்பிவிடாதீர்கள். ஓடுகிற மோட்டார், டைமர், பிழிகிற மூடி, புள்ளி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு, பக்கத்தில் அதே மாதிரி மெஷின் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காப்பர் மோட்டாருக்கு வைண்டிங் கடையிலும் விலை உண்டு. மிச்சம் மின்கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் வாஷிங் மெஷினும் சேர்த்தி. புதியது வாங்கும் கடையிலேயே, எக்ஸ்சேஞ்சில் எடுப்பதைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.